ஹாலஜன் வெளிச்சம் போதவில்லை: ரிலே, எல்.இ.டி, எச்.ஐ.டி, புரொஜெக்டர், இதில் எதற்குப் பணம் கொடுக்கலாம்?

"ராத்திரி ஹைவேஸில் ரோடே தெரியமாட்டேங்குது, எல்.இ.டி பல்பு போட்டுடலாமா?" திரும்பத் திரும்ப வருகிற கேள்வி இது. கேட்பவரிடம் இருப்பது பெரும்பாலும் ஆல்டோ, வேகன் ஆர் போன்ற ஒரு சின்ன கார். வாங்கி ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். ஹெட்லைட்டுக்குள் ஒரே ஒரு ஹெச்4 பல்பு, ஹை பீம், லோ பீம் இரண்டும் அதிலேயே. அவர் நான்கு கடை ஏறி இறங்கியிருப்பார். ஒருவர் 100/90 பல்பு (ஹை பீம் 100 வாட், லோ பீம் 90 வாட்) என்கிறார், இன்னொருவர் எல்.இ.டி என்கிறார், மூன்றாமவர் புரொஜெக்டர் (லென்ஸ் வழியாக வெளிச்சத்தைக் குவிக்கும் விளக்கு) போட்டால்தான் சரிவரும் என்கிறார். எல்லோருமே "பகல் மாதிரி இருக்கும்" என்று சத்தியம் செய்கிறார்கள்.

அந்த ஹெச்4 கார்க்காரரை மனதில் வைத்துத்தான் எல்லா வழிகளையும் இங்கே ஒப்பிடுகிறேன். ஹெச்7, ஹெச்11 பல்பு உள்ள வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். மாறுபடும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்புக்குப் பின்னால் வளைந்த பளபளப்பான கிண்ணம் வைத்த ரிஃப்ளெக்டர் வகை ஹெட்லைட் உள்ள காரில், ரிலே ஒயரிங்கும் (பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஏற்பாடு) அதே வாட்டில் நல்ல ஹாலஜன் பல்பும் போட்டு, பீமைச் சரியான உயரத்தில் வைப்பதுதான் கொடுக்கிற காசுக்கு அதிகம் திருப்பித் தரும் வழி. அதே ஹெட்லைட்டுக்குள் எல்.இ.டி பல்பைச் சொருகுவது, போட்டவருக்கு வெளிச்சம் கூடியதாகத் தோன்றினாலும், எதிரே வருபவரின் உயிரோடு விளையாடுவது. இது ஏன் என்று பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது?

வெளிச்சத்தின் அளவை மட்டும் பார்த்தால் தப்பான பொருளைத்தான் வாங்குவோம். நான் ஆறு விஷயங்களைப் பார்ப்பேன்.

தூரம். 80 கி.மீ. வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. எதிரே ஏதோ இருக்கிறது என்று கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொண்டால் அதிலேயே 33 மீட்டர் போய்விடும். காய்ந்த ரோட்டில் நன்றாகப் பிரேக் பிடித்தாலும் நிற்க இன்னொரு 35 மீட்டர். மொத்தம் கிட்டத்தட்ட 70 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் இது 100 மீட்டரை நெருங்கும். லோ பீம் சரியாக வைக்கப்பட்ட சின்ன காரில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு தரையைத் தொடுவதே 65 மீட்டர் வாக்கில்தான். அதனால் பம்பருக்கு முன்னால் பத்து மீட்டரில் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை. 50 மீட்டருக்கு அப்பால் என்ன விழுகிறது என்பதே கேள்வி.

எதிரே வருபவர் கண். இரு வழிச் சாலையில் ஹெல்மெட் கண்ணாடியில் கீறல் விழுந்த ஒரு பைக்காரர் எதிரே வருகிறார். நம் வெளிச்சம் அவர் கண்ணில் விழுந்தால் சில விநாடிகளுக்கு அவருக்கு ரோடு கிடையாது. அந்த விநாடிகளில் அவர் நம்மை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறார்.

மழையும் பனியும். ஒயரிங்கும் சூடும். சட்டம், எஃப்.சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ். கடைசியாக, நடுராத்திரியில் பல்பு போனால் என்ன செய்வது. ஹெச்4 ஹாலஜன் எந்தச் சின்ன ஊர் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். மற்றவற்றுக்கு அப்படி இல்லை.

## ஹெட்லைட்டுக்குள் என்ன நடக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

ஹெச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கின்றன. லோ பீம் இழைக்குக் கீழே சின்னக் கரண்டி போல ஒரு உலோக மறைப்பு உண்டு. அந்த இழையின் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் பட்டு, அங்கிருந்து கீழ்நோக்கி ரோட்டுக்குப் போகும். கீழ்ப் பாதியில் பட்டால் வெளிச்சம் மேலே கிளம்பி எதிரே வருபவர் முகத்துக்குப் போய்விடும் என்பதால்தான் அந்த மறைப்பு. ஹை பீம் இழைக்கு மறைப்பு இல்லை. அது ரிஃப்ளெக்டர் முழுவதையும் பயன்படுத்துகிறது.

ரிஃப்ளெக்டரின் வளைவு முழுக்க அந்த இழை நிற்கும் இடத்தையும் அதன் உருவத்தையும் கணக்குப் போட்டு வடித்தது. ஒளி கிளம்பும் இடம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே ரோட்டில் விழும் வடிவம் மாறிவிடும். நம் ஊரில் வண்டி இடப்பக்கம் ஓடுவதால், லோ பீமின் மேல் விளிம்பு வலப்பக்கம் தட்டையாகவும் இடப்பக்கம் மேலேறியும் இருக்கும். ஓரத்தில் நடப்பவர் தெரிய வேண்டும், எதிரே வருபவருக்குக் கண் கூசக் கூடாது.

ஹெட்லைட் கண்ணாடியின் ஓரத்தில் ஆங்கில எழுத்துகள் பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'எச்சிஆர்' என்று இருந்தால் அது ஹாலஜனுக்கென்று சோதித்து அனுமதி வாங்கிய விளக்கு. 'டிசிஆர்' என்றால் டிஸ்சார்ஜ், அதாவது இழை இல்லாமல் வாயுவுக்குள் மின்பொறியால் எரியும் எச்.ஐ.டி வகைக்கானது.

## முதலில், எதுவும் வாங்காமல்

வாங்கும்போது இதே ஹெட்லைட் போதுமானதாக இருந்தது, இப்போது இல்லை என்றால் பல்பைக் குறை சொல்வதற்கு முன் கண்ணாடியைப் பாருங்கள். பாலிகார்பனேட் கண்ணாடி நம் ஊர் வெயிலில் மஞ்சளாகிவிடும். அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2018-இல் சோதித்தபோது, மங்கிப்போன ஹெட்லைட்டிலிருந்து வந்தது புதிய ஹெட்லைட் தரும் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் எந்த பல்பைப் போட்டு என்ன பயன்?

தண்ணீர் உப்புத்தாள் 1000, 2000, 3000 என்று வரிசையாகத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டுப் பாலிஷ் செய்தால் பழைய தெளிவு பெரும்பாலும் திரும்பும். ஒரு எச்சரிக்கை: தேய்க்கும்போது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மேல்பூச்சு போய்விடுகிறது. மறுபடி அந்தப் பூச்சு அடிக்காமல் விட்டால் சில மாதங்களில் முன்னைவிட மோசமாக மஞ்சளாகும். டூத்பேஸ்ட் வைத்தியமும் அப்படித்தான் முடியும். உள்பக்கம் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு கருத்திருந்தால் பாலிஷ் உதவாது, ஹெட்லைட்டையே மாற்ற வேண்டியதுதான்.

அடுத்து லெவல். பல கார்களில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு சின்ன திருகு இருக்கும். எண் கூடக்கூட பீம் கீழே இறங்கும். பின் சீட்டில் மூன்று பேரும் டிக்கி நிறைய சாமானுமாக ஊருக்குக் கிளம்பினால் வண்டியின் மூக்கு தூக்கும், பீமும் தூக்கும். அப்போது கீழே இறக்கத்தான் அந்தத் திருகு. யாரோ எப்போதோ 3-இல் வைத்துவிட்டு, வெளிச்சம் போதவில்லை என்று வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

## வழி 1: ரிலே ஒயரிங், அதே 60/55 வாட் பல்பு

பலருக்கும் தெரியாத, கடைக்காரர்கள் அதிகம் பேசாத வழி. லாபம் குறைவு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர்க்கணக்கில் ஏறி இறங்குவதில்லை. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய ஒயர், பழைய சுவிட்ச், கறுத்த ஹோல்டர் எல்லாம் தாண்டி பல்புக்கு வரும்போது 12.4 வோல்ட் என்றால் அங்கேயே அந்த 30 சதவீதம் போயாச்சு. இதைத் தெரிந்துகொள்ள ஒரு மல்டிமீட்டர் போதும். இன்ஜினும் ஹெட்லைட்டும் ஓடும்போது பேட்டரி முனையில் ஒரு தடவை, பல்பு ஹோல்டரில் ஒரு தடவை அளக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிலே போடுவது நிச்சயம் பலன் தரும். வித்தியாசமே இல்லையென்றால் இந்த வழியில் காசு செலவழிக்க வேண்டாம்.

ரிலே கிட்டில் தடித்த ஒயர், இரண்டு ரிலே, ஃபியூஸ், செராமிக் ஹோல்டர் வரும். மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்குப் போகும். பழைய ஒயர் ரிலேவுக்குக் கட்டளை கொடுப்பதோடு சரி. எந்த ஒயரையும் வெட்டாமல், கம்பெனி கப்ளரிலேயே சொருகிக்கொள்ளும்படி கிட் கிடைக்கிறது. அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஒயரை வெட்டி டேப் சுற்றினால் வாரண்டியும் போகும், மழைக்காலத்தில் துருவும் பிடிக்கும்.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால் மூன்று. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அதை விட்டுவிட்ட வேலை தீப்பிடிக்கும் அபாயம். வோல்டேஜ் ஏறுவதால் பல்பு முன்னைவிடக் கொஞ்சம் சீக்கிரம் போகும். சில ஜப்பானிய வடிவமைப்புக் கார்களில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும், அதற்கேற்ற கிட் வேண்டும். இதைத் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம்தான் வண்டியைக் கொடுக்க வேண்டும்.

எதிரே வருபவருக்கு இதனால் தொல்லை இல்லை. பீமின் வடிவம் கம்பெனி கொடுத்த அதே வடிவம், பல்பும் அதே வாட். வழியில் பல்பு போனால் எந்த ஊரிலும் மாற்றிக்கொள்ளலாம்.

## வழி 2: விலை கூடிய ஹாலஜன்

ஆஸ்ராம் நைட் பிரேக்கர், பிலிப்ஸ் எக்ஸ்ட்ரீம் விஷன் போன்ற பல்புகள். வாட் அதே 60/55. இழையை இன்னும் நெருக்கமாகவும் துல்லியமாகவும் சுற்றி, உள்ளே செனான் வாயு நிரப்பியிருப்பார்கள். அட்டையில் 100%, 130%, 150% அதிகம் என்று போட்டிருக்கும். அதை மொத்த வெளிச்சம் இரண்டு மடங்கு என்று படிக்கக் கூடாது. ரோட்டில் குறிப்பிட்ட சில இடங்களில், சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவைவிட எவ்வளவு கூடுதல் என்பதுதான் அந்த எண். ஆனாலும் பலன் உண்மையானது, தூரத்தில் தெரியும்.

இதற்குக் கொடுக்கும் விலை ஆயுள். இழையைக் கடுமையாக எரிய விடுவதால் சாதாரண பல்பைவிடச் சீக்கிரம் போகும். தினமும் இரவில் ஓட்டும் டிராவல்ஸ்காரருக்கு இது கட்டுப்படியாகாது. மாதம் ஒருமுறை ஊருக்குப் போகிறவருக்குத் தாராளமாகப் போதும். ரிலேயோடு சேர்த்துப் போட்டால் ஆயுள் இன்னும் குறையும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

நீலச் சாயம் பூசிய 'சூப்பர் வைட்' பல்புகளை வாங்காதீர்கள். சாயம் வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டுத்தான் வெள்ளையாகக் காட்டுகிறது. பார்க்க நவீனமாக இருக்கும், ரோடு முன்னைவிடக் குறைவாகத் தெரியும்.

## வழி 3: 100/90 வாட் ஹாலஜன்

நம் ஊரில் நெடுங்காலமாக ஓடும் வைத்தியம். வெளிச்சம் நிஜமாகவே கூடும், வடிவமும் கெடாது. ஆனால் 55 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியர் இழுக்கும் இடத்தில், இது ஹை பீமில் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ரிலே இல்லாமல் போட்டால் ஹோல்டர் உருகும், ஸ்டியரிங் சுவிட்ச் கருகும். ரிலே போட்டாலும் சூடு எங்கேயும் போகாது. பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு வெந்து பழுப்பாகிவிட்டால் வெளிச்சம் பழையபடி குறைந்துவிடும், மாற்ற வேண்டியது முழு ஹெட்லைட். கண்ணாடியும் உலோக ரிஃப்ளெக்டருமாக வந்த பழைய ஜீப், அம்பாசிடர் காலத்துக்கு இது பொருந்தியது. இன்றைய பிளாஸ்டிக் ஹெட்லைட்டுக்கு வேண்டாம். அனுமதிக்கப்பட்ட வாட்டும் இல்லை இது.

## வழி 4: ஹாலஜன் ஹெட்லைட்டுக்குள் எல்.இ.டி பல்பு

கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே.

நல்ல குணம் இல்லாமல் இல்லை. மின்சாரம் குறைவாக எடுக்கும். வோல்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் வெளிச்சம் மாறாது. போட்ட உடனே பம்பருக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று இருக்கும். கடையில் சுவரில் அடித்துக் காட்டும்போது மயங்காதவர் குறைவு.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஹாலஜன் இழை சுற்றிலும் எல்லாப் பக்கமும் எரியும் ஒரு மெல்லிய சுருள். எல்.இ.டி என்பது ஒரு பலகையின் இரு முகத்தில் ஒட்டிய சில்லுகள், இரண்டு பக்கமாகத்தான் வெளிச்சம் அடிக்கும். அந்தச் சுருளை நம்பி வடித்த ரிஃப்ளெக்டருக்கு இந்த வடிவம் புரியாது. விளைவு என்னவென்றால், கிட்டத்தில் வெளிச்சம் கொட்டும், தூரத்தில் குவிய வேண்டிய புள்ளி கலைந்துவிடும், மேல் விளிம்புக்கு மேலே வெளிச்சம் கசியும். கசிவது எதிரே வருபவர் கண்ணுக்கு. கிட்டத்தில் அதிக வெளிச்சம் இருந்தால் நம் கண்ணும் அதற்குப் பழகிச் சுருங்கிக்கொள்ளும், தூரத்து இருட்டில் நடப்பவர் இன்னும் தாமதமாகத்தான் தெரிவார். ஓட்டுகிறவருக்கோ "சூப்பரா தெரியுது" என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் பத்து கி.மீ. வேகம் கூடும். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட ஆபத்தாக நினைக்கிறேன்.

அட்டையில் '20,000 லூமென்' (பல்பு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அனுமதி பெற்ற ஹெச்4 பல்பின் லோ பீம் அளவு 1,000 லூமென், ஹை பீம் 1,650 லூமென். இந்த அளவுகளை 13.2 வோல்ட்டில், 15 சதவீதம் கூடக்குறைய, சர்வதேச விதியே வரையறுத்திருக்கிறது. கைவிரல் அளவு எல்.இ.டி பல்பு அதைப்போல பத்து மடங்கு தர வாய்ப்பே இல்லை. முதல் நிமிஷம் இருக்கும் வெளிச்சம் அரை மணி நேரத்தில் இருக்காது, சூடேறினால் பல்பு தன்னைத்தானே குறைத்துக்கொள்ளும். பின்னால் இருக்கும் குட்டி ஃபேன் நம் ஊர்ப் புழுதியில் அடைத்து நின்றுவிட்டால் சில்லுகள் வெந்துபோகும்.

இன்னும் சில மறைமுகச் செலவுகள்:

- பின்பக்க ரப்பர் மூடிக்குள் ஃபேன் நுழையாது. மூடியை வெட்டுவார்கள். மழையில் ஈரமும் தூசியும் உள்ளே போய் ரிஃப்ளெக்டர் கெடும்.
- புதிய கார்களில் பல்பு போய்விட்டதாக டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும், அல்லது விளக்கு துடிக்கும். அதை அடக்க, காரின் கம்ப்யூட்டரைச் சமாளிக்கும் கேன்பஸ் டீகோடர் என்ற கருவியைத் தனியாக வாங்க வேண்டும்.
- மலிவான டிரைவர் சர்க்யூட் எஃப்.எம். ரேடியோவில் இரைச்சல் கிளப்பும்.
- ஒரு பக்கம் போனால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். நடுவழியில் கிடைக்காது. பழைய ஹாலஜன் ஜோடி டிக்கியில் இருந்தாக வேண்டும்.

சட்டம்? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106-ஆம் விதி, ஹெட்லைட் வெளிச்சம் 8 மீட்டர் தூரத்தில், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது என்கிறது. விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்போது ஹெட்லைட் மாற்றப்பட்டிருந்தால் என்ன கேள்வி வரும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் எல்.இ.டி பல்புக்கு அனுமதி இருக்கிறதே என்று கேட்பார்கள். உண்மைதான். 2020-இல் ஆஸ்ராம் நிறுவனத்தின் ஹெச்7 எல்.இ.டி பல்புக்கு அங்கே முதன்முதலாக அனுமதி கிடைத்தது. ஆனால் எல்லாக் காருக்கும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு மாடலின் ஹெட்லைட்டிலும் அந்தப் பல்பைப் போட்டுச் சோதித்து, தேறிய மாடல்களுக்கு மட்டும். ஒரே பல்பு ஒரு காரில் தேறுகிறது, இன்னொன்றில் தேறுவதில்லை. நம் ஊர்க் கடையில் அந்தச் சோதனையை யார் செய்கிறார்கள்?

இந்த வழி ஓரளவு பொருந்தும் இடம் ஒன்று உண்டு. கம்பெனியே ஹாலஜன் புரொஜெக்டர் கொடுத்த, தனி லோ பீம் பல்பு உள்ள கார்கள். புரொஜெக்டருக்குள் இருக்கும் தகடு மேல் விளிம்பை வெட்டிவிடுவதால் கசிவு குறைவாக இருக்கும். அங்கேயும் சில்லுகள் இடமும் வலமும் பார்க்கும்படி பல்பைத் திருப்பி வைக்க வேண்டும், தூரத்துப் புள்ளி குறைகிறதா என்று பார்க்க வேண்டும். சட்டப்படி நிலைமை அதேதான்.

## வழி 5: எச்.ஐ.டி கிட்

இதன் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது, சுருக்கமாகப் போகலாம். 35 வாட்டில் 3,000 லூமெனுக்கு மேல் வரும். பற்றவைக்க, கிட்டோடு வரும் பேலாஸ்ட் என்ற மின்கருவி 20,000 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும், முழு வெளிச்சம் வரச் சில விநாடி ஆகும். இவ்வளவு வெளிச்சம் உள்ள லோ பீமுக்கு, பீம் தானாக ஏறி இறங்கும் ஆட்டோ லெவலிங்கும் கண்ணாடி கழுவும் வாஷரும் இருக்க வேண்டும் என்கிறது ஐ.நா.வின் வாகன விதி, 2,000 லூமெனைத் தாண்டினாலே. அவை எதுவும் இல்லாத ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் இதைப் போட்டால் எல்.இ.டியில் சொன்ன தொல்லை எல்லாம் இன்னும் பெரிதாக வரும். ரிஃப்ளெக்டர் காருக்கு எந்தச் சூழ்நிலையிலும் இதைச் சொல்லமாட்டேன்.

## வழி 6: ஹெட்லைட்டையே மாற்றுவது

இதில் இரண்டு வகை.

ஒன்று, உங்கள் கார் மாடலின் டாப் வேரியன்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் புரொஜெக்டர் அல்லது எல்.இ.டி ஹெட்லைட்டை வாங்கிப் பொருத்துவது. பல்பு, லென்ஸ், வடிவம் எல்லாம் ஒன்றாகச் சோதிக்கப்பட்டவை. வெளிச்சமும் நன்றாக இருக்கும், எதிரே வருபவருக்கும் தொல்லை இல்லை. விலை அதிகம். கப்ளர் பொருந்துமா, கம்ப்யூட்டர் ஏற்குமா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொண்டு, முடிந்தால் அவர்களையே பொருத்தச் சொல்லி பில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, வெளிக்கடையில் ஹெட்லைட்டைச் சூடாக்கிப் பிளந்து உள்ளே பை-எல்.இ.டி புரொஜெக்டர் (ஹை பீம், லோ பீம் இரண்டையும் ஒன்றே தருவது) வைப்பது. நல்ல கைக்காரர் செய்தால் வெளிச்சம் பிரமாதமாக இருக்கும், மேல் விளிம்பும் கத்தியால் கீறியதுபோல் நிற்கும். ஆனால் மறுபடி ஒட்டும்போது சீல் சரியாக விழவில்லையென்றால் முதல் மழைக்கே உள்ளே ஆவி படியும். இன்னொரு கண்ணி, வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளுக்கென்று செய்த புரொஜெக்டர் நம் சந்தையில் கலந்துவிடுகிறது. அதில் மேலேறும் விளிம்பு வலப்பக்கம் இருக்கும், அதாவது எதிரே வருபவர் முகத்தில். வாங்கும்போதே சுவரில் அடித்து, ஏற்றம் இடப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி இதுவும் அனுமதியில்லாத மாற்றம்தான்.

மலைப்பாதையில் அடிக்கடி ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ வால்பாறை ரோட்டிலோ ஏறும்போது, புரொஜெக்டரின் கூர்மையான விளிம்புக்கு மேலே ஒன்றுமே தெரியாது. மேலே திரும்பும் அடுத்த வளைவு கறுப்பாக இருக்கும். ரிஃப்ளெக்டர் ஹாலஜன் அங்கே கொஞ்சம் சிதறுவதால் விளிம்புக்கு அப்பாலும் ஓரளவு தெரியும். தட்டையான நாற்கரச் சாலைக்குப் புரொஜெக்டர், மலைக்கு ரிஃப்ளெக்டர் என்று அங்கே ஓட்டுகிறவர்கள் சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

## வெள்ளையா, மஞ்சளா?

பல்பு விற்கும் இடத்தில் "மஞ்சள்தான் பனியைக் கிழிக்கும்" என்பார்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்: ஹாலஜன் 3,200 கெல்வின் வாக்கில் இளமஞ்சள், எல்.இ.டி 6,000 கெல்வின் வாக்கில் நீலம் கலந்த வெள்ளை. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை, அதனால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ பனியில் உதவுவது நிறமல்ல, விளக்கின் உயரம். பம்பரில் தாழ்வாக வைத்த ஃபாக் லைட், பனியைக் கண்ணுக்கு நேராக வெளிச்சப்படுத்தாமல் அடியில் ரோட்டைக் காட்டும். ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான்.

மழையில் கதை வேறு. நனைந்த தார் ரோடு கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை முன்பக்கமே அனுப்பிவிடுகிறது, நம்மிடம் திரும்பி வருவது கொஞ்சம். எந்த நிற பல்பும் மழையில் ஏமாற்றம்தான். ஆனால் நீலம் கலந்த வெளிச்சம் எதிரே வருபவருக்கு அதிகம் கூசும். ஈர ரோட்டில் பட்டுத் தெறிப்பதும் சேர்ந்தால் அவருக்கு இரட்டைத் தொல்லை.

## ஒரே பார்வையில்

| வழி | செலவு | தூரத்து வெளிச்சம் | எதிரே வருபவருக்கு | நடுவழியில் பல்பு போனால் |
|---|---|---|---|---|
| பாலிஷ், லெவல் | மிகக் குறைவு | மங்கிய கண்ணாடியானால் பெரிய மாற்றம் | நல்லது | பிரச்சினை இல்லை |
| ரிலே + 60/55 | ஓரிரு ஆயிரம் | நன்றாகக் கூடும் | தொல்லை இல்லை | எங்கும் கிடைக்கும் |
| விலை கூடிய ஹாலஜன் | ஓரிரு ஆயிரம், அடிக்கடி | கூடும் | தொல்லை இல்லை | சாதாரண ஹெச்4 போட்டுக்கொள்ளலாம் |
| 100/90 | குறைவு, பின்னால் ஹெட்லைட் செலவு | கூடும் | கூசும் | பெரிய கடைகளில் |
| எல்.இ.டி பல்பு | சில ஆயிரம் | கிட்டத்தில் அதிகம், தூரத்தில் சந்தேகம் | மோசம் | கிடைக்காது |
| எச்.ஐ.டி கிட் | சில ஆயிரம் | சிதறும் | மிக மோசம் | கிடைக்காது |
| கம்பெனி டாப் வேரியன்ட் விளக்கு | மிக அதிகம் | மிக நன்று | தொல்லை இல்லை | சர்வீஸ் சென்டர்தான் |
| வெளிக்கடைப் புரொஜெக்டர் | பத்தாயிரத்துக்கு மேல் | நன்று | வேலையைப் பொறுத்தது | பொருத்திய கடைதான் |

## யாருக்கு எது?

ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறீர்கள், தெருவிளக்கு இருக்கிறது என்றால் பாலிஷும் லெவலும் போதும், மேலே ஒரு ரூபாய் செலவழிக்க வேண்டாம்.

மாதம் ஓரிரு முறை இரவில் நீண்ட தூரம் போகிறவருக்கு ரிலேயும் நல்ல 60/55 பல்பும். நாற்கரச் சாலையில்கூட விளக்கில்லாத கரும்பு டிராக்டர் எதிர்த்திசையில் வரும் ஊர் இது. தை மாதம் பழனிக்கு நடந்துபோகிறவர்கள் விடிய விடிய ரோட்டோரம் நடக்கிறார்கள். அவர்களை 60 மீட்டரில் பார்க்க இந்த வழி உதவும்.

வாரம் இரண்டு மூன்று இரவு ஹைவேஸில் ஓட்டுபவர், காரை இன்னும் ஐந்து வருஷம் வைத்திருக்கப் போகிறவர் என்றால் கம்பெனியின் டாப் வேரியன்ட் ஹெட்லைட்டுக்குச் சேர்த்து வைக்கலாம். அதற்கு வழியில்லாதவர்கள் ஹை பீமோடு மட்டும் எரியும்படி கூடுதல் விளக்கு பொருத்துவதுண்டு. பம்பருக்கு மேலே ஏற்றாமல், டிம் அடித்ததும் தானாக அணையும்படி ரிலேயில் கோத்து, எஃப்.சி-யில் ஏற்பார்களா என்று விசாரித்துக்கொண்டு செய்ய வேண்டும். தனி சுவிட்ச் வைத்தால் அணைக்க மறந்துபோகும்.

ஐம்பது வயதைத் தாண்டி, சமீபமாகத்தான் இரவில் தெரியவில்லை என்று தோன்றுகிறவர்கள் எலெக்ட்ரீஷியனிடம் போவதற்கு முன் கண் டாக்டரிடம் போங்கள். கண்புரையின் ஆரம்பத்தில் எதிரே வரும் வெளிச்சம் சிதறி, ரோடு மங்குவது சாதாரணம். அதை எந்த பல்பும் சரிசெய்யாது.

## எதைப் போட்டாலும் பீமைச் சரிபார்க்கும் முறை

பல்பு மாற்றிய அன்றே இதைச் செய்யுங்கள். டயர் காற்றைச் சரியாக அடித்து, டேங்க் பாதி நிரப்பி, டிரைவர் சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, லெவல் திருகை 0-இல் வையுங்கள். சமதளத்தில் ஒரு சுவருக்கு நேராக 10 மீட்டர் தள்ளி காரை நிறுத்துங்கள். தரையிலிருந்து ஹெட்லைட்டின் மையம் எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு. அதற்கு 10 செ.மீ. கீழே இன்னொரு கோடு. லோ பீமின் தட்டையான விளிம்பு இந்த இரண்டாவது கோட்டில் உட்கார வேண்டும், ஏற்றம் இடப்பக்கம் இருக்க வேண்டும். ஒரு பக்க விளக்கைத் துணியால் மறைத்துக்கொண்டு மற்றதைச் சரிசெய்யலாம். ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் திருகில் பிலிப்ஸ் ஸ்குரூடிரைவரால் திருப்பினால் ஏறும், இறங்கும்.

அந்த 10 செ.மீ. சின்ன விஷயமாகத் தோன்றும். ஹெட்லைட் 65 செ.மீ. உயரத்தில் இருந்தால், இந்த அளவில் 50 மீட்டர் தூரத்தில் பீமின் விளிம்பு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கும். 10 செ.மீ. கீழே வைப்பதற்குப் பதில் 10 செ.மீ. மேலே வைத்துவிட்டால் அதே 50 மீட்டரில் விளிம்பு 115 செ.மீ. உயரத்துக்குப் போகும். எதிரே சின்ன காரில் வருகிறவரின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. கோணக் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு டிகிரியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். சுவரில் விளிம்பே தெளிவாகத் தெரியாமல் வெளிச்சம் மேலே படர்ந்து நின்றால், போட்ட பல்பு அந்த ஹெட்லைட்டுக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் அன்றே கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.